நேர்ந்துவிட்ட மாமரத்தில் கடந்தை

ஆழ்வார்குறிச்சி
1912 ஜூன் 12

கர்த்தருக்குள் பிரியமான மகள் ஹெப்சிபாவுக்கு உன் அப்பா நேசையா எழுதிக்கொள்வது. நான் சுகம். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்ந்தவனுக்கு வேறென்ன குறை, முழங்கால் வலி ஒன்றுதான். நீயும் மருமகன் தேவசிகாமணியும் தூத்துக்குடியில் சுகமாயிருக்க தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

மருமகன் கடிதத்தைப் படித்ததும் முழங்காற்படியிட்டேன். எழுந்திருக்கத்தான் நேரமாயிற்று. டிசம்பர் முதல் வாரம் பிள்ளை பிறக்கும் என்று எழுதியிருக்கிறார். போன தடவை அங்கேயே இருந்து, பெற்ற பிள்ளையை ஒரு நாள்கூட மடியில் வைத்துக்கொள்ள முடியாமல் போனதே, அது போதும். இந்தத் தடவை பிரசவம் நம் வீட்டில்தான். அம்மா இல்லையே என்று யோசிக்காதே. கங்கைகொண்டானிலிருந்து உன் அத்தை பாக்கியவதி வந்து இருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். நவம்பர் கடைசியில் புறப்பட்டு வா.

இன்னொரு சமாசாரம். நம் முன்வாசல் மாமரத்தில் கடந்தை கூடு வைத்திருக்கிறது. சின்னக் குளவி இல்லை, என் சுண்டுவிரல் நீளம் இருக்கும். கறுப்பு உடம்பு, வயிற்றில் மஞ்சள் பட்டை. கூடு இப்போது ஒரு தேங்காய் அளவு. உன் தாத்தா கோவிலுக்கு நேர்ந்துவிட்ட அதே மரம்தான். மேல வீட்டாருக்கும் நமக்கும் நடுச்சுவர் எழுப்பியபோது வெட்ட மனமில்லாமல் மரத்தைச் சுற்றி வளைத்துக் கட்டினோமே. சுவருக்கு இந்தப் பக்கம் விழும் பழம் நம் சபைக்கு, அந்தப் பக்கம் விழுவது அவர்கள் கோவிலுக்கு. கடந்தைக்கு எந்தப் பக்கம் என்று யாரும் பேசிவைக்கவில்லை. கூடு சரியாகச் சுவருக்கு மேலே தொங்குகிறது.

மருமகனுக்கு என் ஸ்தோத்திரம் சொல்லு.

உன் அப்பா
நேசையா


தூத்துக்குடி
1912 ஜூலை 1

அன்பும் மரியாதையும் நிறைந்த அப்பாவுக்கு உங்கள் மகள் ஹெப்சிபா எழுதிக்கொள்வது. நாங்கள் சுகம். காலையில் மட்டும் வயிறு புரட்டுகிறது. உங்கள் முழங்காலுக்கு மருமகன் ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறார்.

கடந்தையைப் பற்றி இன்னும் எழுதுங்கள் அப்பா. கூடு மண்ணா, மெழுகா? நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன காலத்தில் இந்தக் கேள்வியை ஒருத்தி என்னிடம் கேட்டாள். தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு மண் என்று சொல்லிவிட்டேன். இன்றைக்கும் அது மனதில் உறுத்துகிறது.

அதிருக்கட்டும். கூட்டுக்குக் கீழேதானே நம் வீட்டுக்குப் போகும் நடை? நீங்கள் எப்படிப் போய் வருகிறீர்கள்? சித்தப்பா வீட்டு வாசல் வழியாக வந்தால், நடுச்சுவரில் முள் வைத்து அடைத்த அந்தச் சின்ன வாசலைத் திறந்து நம் முற்றத்துக்கு வந்துவிடலாமே. சித்தப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்ன?

என்றும் உங்கள் ஆசீர்வாதத்தை நாடும்
ஹெப்சிபா


ஆழ்வார்குறிச்சி
1912 ஜூலை 18

பிரிய மகளே, சமாதானம். இங்கே மழை இல்லை, சுகத்துக்குக் குறைவில்லை. வயிறு புரட்டுவதற்குச் சுக்கு தட்டிப் போட்டு வெந்நீர் குடி.

மண்ணும் இல்லை, மெழுகும் இல்லை. காகிதம்! பத்து நாளாக நாற்காலியைப் பின்நடையில் போட்டுக்கொண்டு பார்க்கிறேன். ஒரு கடந்தை நம் பழைய பனங்கைக் கம்பத்தில் உட்கார்ந்து மரத்தைச் சுரண்டுகிறது. காதை வைத்தால் கரகரவென்று கேட்கும். சுரண்டியதை வாயில் மென்று உருட்டி, கூட்டில் கொண்டுபோய் இழுத்துத் தேய்க்கிறது. காய்ந்தால் காகிதம். அதனால்தான் கூடு முழுவதும் வரி வரியாக இருக்கிறது. சாம்பல் வரி நம் கம்பம். நடுவில் செம்பழுப்பாக ஒரு வரி. அது எங்கிருந்து வருகிறது என்று மூன்று நாள் மண்டையைக் குடைந்தேன். மேல வீட்டார் புதுக் கதவு போட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது.

போக்குவரத்துக்குப் பின்புறத்து வாய்க்கால் இருக்கிறது. வேட்டியை மடித்துக்கொண்டு இறங்கினால் ஆயிற்று.

பக்கத்துத் தெருப் பிச்சைக்கண்ணு ஓலைச் சூந்து கொளுத்திக்கொண்டு வந்து நின்றான். "ஒரு நிமிசம் வே, பொசுக்கிப் போடுதேன்" என்றான். கூரை ஓலை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதோடு நேர்ந்த மரத்தில் நெருப்பு வைப்பதா? சபைக் கமிட்டியில் கேட்டேன். ஒரு மணி நேரம் பேசி, மரத்தில் பாதி அந்தக் கோவிலைச் சேர்ந்தது, அவர்கள் சம்மதம் இல்லாமல் கிளையில் கைவைக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். சம்மதம் யார் கேட்பது என்று யாரும் சொல்லவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

இப்படிக்கு
அப்பா


தூத்துக்குடி
1912 ஆகஸ்ட் 10

என் அருமை அப்பாவுக்கு வணக்கம். நானும் உங்கள் மருமகனும் சுகம். வயிற்றுப் புரட்டல் நின்றுவிட்டது, இப்போது பசிதான். உங்கள் உடம்பைப் பற்றி எழுதாமல் கடந்தையின் உடம்பைப் பற்றி எழுதுகிறீர்கள். இருந்தாலும் காகிதம் என்று படித்ததும் கைதட்டிவிட்டேன்.

அப்பா, இப்போது நான் பேசியே ஆகவேண்டும். நவம்பரில் வாய்க்கால் நிறைந்து ஓடும். நிறைமாதக்காரி வேட்டியை மடித்துக்கொண்டு இறங்க முடியாது. இங்கேயே இருந்துவிடவும் என்னால் முடியாது. போன தடவை பிள்ளை கிடந்த அறை இதுதான். அந்தக் கட்டிலில் மறுபடி படுக்க மாட்டேன். நான் நம் வீட்டுக்குத்தான் வருவேன்.

சித்தப்பா கடற்கரைப் பக்கம் பெண்ணெடுத்து அவர்களுடைய ரோமன் கத்தோலிக்கக் கோவிலில் சேர்ந்தபோது எனக்குப் பத்து வயது. சபையில் அவர் பெயரை நீக்கி வாசித்தது நீங்கள்தான். மூப்பர் என்ற முறையில் வாசித்தீர்கள், சரி. அதற்குப் பிறகு பதினோரு வருஷம் ஒரு சுவரின் இரண்டு பக்கமும் இருமிக்கொண்டு கிடக்கிறீர்களே, அதற்கு எந்தக் கமிட்டி தீர்மானம் போட்டது?

கோபித்தால் கோபியுங்கள். பதில் மட்டும் எழுதுங்கள்.

உங்கள்
ஹெப்சிபா


தூத்துக்குடி
1912 அக்டோபர் 6

அப்பாவுக்கு, உங்கள் சுகத்தை எப்படி விசாரிப்பது என்றே தெரியவில்லை. நாங்கள் சுகம். ஆகஸ்டுக்குப் பிறகு உங்களிடமிருந்து ஒரு கார்டுகூட இல்லை. கோபமா, காய்ச்சலா? கோபம் என்றால் திட்டி எழுதுங்கள், வாசித்துச் சந்தோஷப்படுகிறேன்.

ஹெப்சிபா


சேசு மரி சூசை துணை

ஆழ்வார்குறிச்சி
1912 அக்டோபர் 12

அன்புள்ள மகள் ஹெப்சிபாவுக்குச் சித்தப்பா அருளப்பன் ஆசீர்வாதத்தோடு எழுதுகிறேன். நாங்கள் தேவ கிருபையால் சுகம். நீ வாயும் வயிறுமாக இருக்கிறாய் என்று தபால்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. உன் சித்தி பிலோமினா அன்றைக்கே மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டாள்.

உன் கார்டைத் தபால்காரர் என்னிடம் காட்டினார். தப்புதான், ஆனாலும் படித்தேன். நீ பயப்பட வேண்டாம், அண்ணாச்சி நன்றாக இருக்கிறார். போன மாதம் ஒரு அந்திப் பொழுதில் உடம்பெல்லாம் சாக்கைச் சுற்றிக்கொண்டு ஏணி போட்டுச் சுவரில் ஏறினார். கிளையில் கைவைக்கக் கூடாது என்று கமிட்டி சொன்னதால், கூட்டைச் சாக்கால் மூடிக் கட்டி, அதை மட்டும் அறுத்துத் தண்ணீரில் முக்குவதாகத் திட்டம். எங்கள் நடை உனக்குத் தேவைப்படக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனையும். கடந்தைக்குத் திட்டம் தெரிந்துவிட்டது. ஏணி அந்தப் பக்கம் சாய்ந்தது, அண்ணாச்சி இந்தப் பக்கம் விழுந்தார்.

பிறகு மூன்று நாள் எங்கள் வீட்டில்தான் கிடந்தார். அம்பாசமுத்திரத்திலிருந்து டாக்டரைக் கூட்டி வந்தேன். கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. பிலோமினா கஞ்சி ஊற்றினாள். குடித்தார். யார் ஊற்றுகிறார்கள் என்று கேட்கவே இல்லை. கண் தெரியாதவரைக்கும் அவருக்கு அது சௌகரியமாக இருந்தது. நாலாம் நாள் கண் திறந்தது. உத்தரத்தைப் பார்த்தார், எழுந்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். எனக்கும் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன்.

நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம். எங்கள் வாசல் கதவு பகலெல்லாம் திறந்துதான் கிடக்கிறது. நீ எந்த வழியாக வந்தாலும் சரி.

உன் சித்தப்பா
அருளப்பன்


ஆழ்வார்குறிச்சி
1912 நவம்பர் 4

பிரிய மகளுக்குக் கிருபையும் சமாதானமும் உண்டாவதாக. எனக்குக் கொஞ்சம் காய்ச்சல், அதனால் எழுத முடியவில்லை. இப்போது பூரண சுகம். உனக்குக் கால் வீக்கம் இருக்கிறதா? உப்பைக் குறை.

கூடு இப்போது பெரிய பூசணி அளவு. ஒரு விசேஷம் பார். வெயில் ஏறினால் நாலைந்து கடந்தை வாசலில் நின்று இறக்கையை அடித்துக் காற்று வீசுகிறது. உள்ளே இருப்பவை குஞ்சுகளாம், வெக்கை ஆகாதாம். நம் வீட்டில் இப்படி ஒரு ஏற்பாடு இருந்தால் நன்றாயிருக்கும்.

நீ கவலைப்பட வேண்டாம். பின்வாய்க்காலில் புதுப் பலகை போட்டு, பிடித்துக்கொள்ளக் கயிறும் கட்டியிருக்கிறேன். வண்டி கரை வரைக்கும் வரும். பலகையில் ஆறு எட்டு வைத்தால் வீடு. யாரிடமும் எதையும் கேட்கத் தேவையில்லை. பாக்கியவதி முப்பதாம் தேதி வருகிறாள். இருபத்தெட்டாம் தேதி அம்பாசமுத்திரம் ஸ்டேஷனில் வண்டியோடு நிற்பேன்.

அப்பா


ஆழ்வார்குறிச்சி
1912 டிசம்பர் 5

என் பிரியமான அத்தானுக்கு உங்கள் ஹெப்சிபா எழுதிக்கொள்வது. நானும் பிள்ளையும் சுகம். நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? தந்தியில் "ஆண் பிள்ளை, சுகம்" என்று மட்டும்தானே கண்டீர்கள், மீதியைக் கேளுங்கள்.

என்னை ஸ்டேஷனில் அப்பாவிடம் விட்டுவிட்டு நீங்கள் திரும்பும் ரயில் ஏறினீர்களே, ஆற்றுப்பாலம் தாண்டுவதற்குள் எனக்கு வலி கண்டுவிட்டது. நல்ல மழை. வாய்க்கால் கரைக்கு வந்து பார்த்தால் பலகையும் இல்லை, கயிறும் இல்லை, தண்ணீர்தான் இருந்தது. அப்பா மழையில் நின்றார். முன்வாசல் பக்கம் பார்த்தார். மழைக்குக் கடந்தையெல்லாம் கூட்டின்மேல் அப்பிக்கொண்டு கிடந்தன. நான் வலி தாங்காமல் கத்தினேன். அப்பா வண்டிக்காரரிடம், "மேல வீட்டு வாசலுக்கு விடும் வே" என்றார். குரல் அவருடையதாகவே இல்லை.

சித்தியும் சித்தப்பாவும் ஓடிவந்து என்னை இறக்கினார்கள். அப்பா வாசற்படியில் கால் வைக்கவில்லை. அந்த மழையில் சுற்றிப் போய், மார்பளவு தண்ணீரில் வாய்க்காலைக் கடந்து, நம் முற்றத்தில் சுவரோரமாய் நின்றாராம். மருத்துவச்சியும் சித்தியும்தான் என்னோடு இருந்தார்கள். கடைசியில் எனக்கு நினைவு தப்பிவிட்டது. அப்பா சுவரைப் பார்த்து, "பிள்ளை அழுதுச்சா?" என்று கேட்டிருக்கிறார். பெயர் சொல்லி யாரையும் கேட்கவில்லை. சித்தப்பா மாமரத்தைப் பார்த்து, "அழுதுட்டு, ஆம்பளப் பிள்ள" என்றாராம். இப்போதும் அப்படித்தான். தினமும் காலையில் சித்தி பிள்ளையைச் சுவருக்குமேல் தூக்கிக் காட்டுகிறாள். அப்பா பிள்ளையை மட்டும் பார்க்கிறார்.

அத்தான், ஒன்று சொல்கிறேன், அப்பாவுக்கு எழுதிவிடாதீர்கள். பிள்ளை பிறந்ததும் அழவில்லையாம். உடம்பு நீலம் பாய்ந்து கிடந்ததாம். சாகிற பிள்ளை ஞானஸ்நானம் இல்லாமல் போகக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். சித்தி தண்ணீர் ஊற்றி, மந்திரம் சொல்லி, ஞானஸ்நானம் கொடுத்துவிட்டாள். மருத்துவச்சி முதுகில் தட்டிக்கொண்டே இருந்தாள். அதற்குப் பிறகு அழுதானாம். நேற்றுத்தான் சித்தி என் காலடியில் உட்கார்ந்து, "தப்பாத் தாயி? எங்கிட்ட வேற ஒண்ணும் இல்லியே, குடுக்கதுக்கு" என்றாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளத்தான் தோன்றியது. ஆனால் அப்பா கேட்டால்? அந்தக் கோவிலுக்குப் போனதற்காகக் கூடப்பிறந்தவரையே தள்ளிவைத்தவர். இவனைத் தொடுவாரா?

உங்கள்
ஹெப்சிபா


ஆழ்வார்குறிச்சி
1913 பிப்ரவரி 3

அன்பு மகளே, நீ ஊர்போய்ச் சேர்ந்த கார்டு வந்தது. உனக்கும் குட்டி ராஜாவுக்கும் என் ஆசீர்வாதம். சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். பாக்கியவதி நேற்றுப் போனாள். வீடு ஓவென்று கிடக்கிறது.

கடந்தை போய்விட்டது! பொங்கலுக்குப் பிறகே நடமாட்டம் குறைந்தது. பிறகு ஒன்றிரண்டு மட்டும் நின்றன. இப்போது ஒன்றும் இல்லை. யார் சம்மதமும் கேட்காமல் வந்தது, கேட்காமலே போயிற்று. கூட்டை இறக்கி அரிவாளால் பிளந்து பார்த்தேன். உள்ளே தட்டுத் தட்டாய் ஏழு மாடி. ஒவ்வொரு மாடிக்கும் நடுவில் சின்னத் தூண். அறையெல்லாம் ஆறு மூலை, ஒன்றுகூடக் கோணல் இல்லை. எத்தனை ஆயிரம் வாய் மென்ற மரமோ.

இனி முன்வாசலில் தாராளமாக நடக்கலாம். ஒருவர் தயவும் வேண்டாம். பிள்ளைக்கு ஞானஸ்நானம் எப்போது?

அப்பா


தூத்துக்குடி
1913 பிப்ரவரி 18

அப்பாவுக்கு வணக்கம். மூவரும் சுகம். பிள்ளை உங்களைப் போலவே கொட்டாவி விடுகிறான்.

ஞானஸ்நானம் எப்போது என்று கேட்டிருக்கிறீர்கள். அப்பா, அது நடந்துவிட்டது. பிறந்த அன்றே சித்தி கொடுத்துவிட்டாள். பிள்ளை மூச்சில்லாமல் கிடந்தான். நான் இதை இத்தனை நாள் உங்களிடம் மறைத்தேன். பயம்தான் காரணம்.

ஈஸ்டருக்கு ஞானசிகாமணி என்று பெயரிட்டு ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று உங்கள் மருமகன் போதகரிடம் போனார். போதகர் தொட்டி அருகே நின்று கேட்கும்போது பொய் சொல்ல எங்களால் முடியாது. உள்ளதைச் சொன்னோம். கொடுத்தது முறையாய் இருந்தால் இரண்டாவது தடவை கொடுக்கக் கூடாது, பிள்ளையைச் சபையில் ஏற்றுக்கொள்வதோடு சரி என்றார். ஆனால் யார் கொடுத்தது, எதைக்கொண்டு கொடுத்தது, என்ன வார்த்தை சொல்லிக் கொடுத்தது என்பதை ஒரு சபை மூப்பர் நேரில் விசாரித்து எழுத வேண்டுமாம். ஆழ்வார்குறிச்சியில் மூப்பர் நீங்கள்தான்.

நீங்கள் விசாரிக்க மாட்டேன் என்றால் நான் வற்புறுத்த மாட்டேன். ஆனால் என் பிள்ளையைத் தள்ளிவிடாதீர்கள் அப்பா. அவனுக்கு ஒன்றும் தெரியாது.

ஹெப்சிபா


ஆழ்வார்குறிச்சி
1913 மார்ச் 14

என் கண்ணான மகள் ஹெப்சிபாவுக்கு. நான் சுகமாயிருக்கிறேன். நீங்கள் மூவரும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். பதில் தாமதமாயிற்று. இந்தத் தடவை காய்ச்சல் என்று சொல்ல மாட்டேன். அதுவும் காய்ச்சல் இல்லை, உனக்குத் தெரிந்திருக்கும்.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கடுங்கோபம் வந்தது. என் பேரன் தலையில் கேட்காமல் தண்ணீர் ஊற்றிவிட்டார்களே என்று இரண்டு வாரம் சுவர்ப் பக்கமே திரும்பவில்லை. பிறகு ஒரு நாள் பின்நடையில் உட்கார்ந்திருக்கும்போது, அவள் அன்று ஊற்றாமல் இருந்து, பிள்ளையும் அழாமலே இருந்திருந்தால், நான் சுவரைப் பார்த்து எதைக் கேட்டுக்கொண்டு நின்றிருப்பேன் என்று நினைத்தேன். அதற்குமேல் உட்கார முடியவில்லை.

முன்வாசல் வழியாக இறங்கி, தெருவைச் சுற்றி, மேல வீட்டு வாசலுக்குப் போனேன். அருளப்பன் கயிறு திரித்துக்கொண்டிருந்தான். எழுந்து நின்றான். தலை நரைத்துவிட்டது, ஹெப்சிபா. பக்கத்து வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை. "உள்ள வாரும் அண்ணாச்சி" என்றான். நான் மூப்பர் வேலையாக வந்திருக்கிறேன் என்றேன். "சரி, மூப்பரும் உள்ள வரட்டும்" என்றான்.

அவள் கதவுக்குப் பின்னால் நின்றாள். எதைக்கொண்டு கொடுத்தாய் என்று கேட்டேன். பதினோரு வருஷத்தில் அவளிடம் நான் பேசிய முதல் பேச்சு அது.

"செம்புல ஆத்துத் தண்ணி இருந்துச்சு, பெரியத்தான். அதத்தான் தலையில மூணு தடவ ஊத்துனேன்."

"என்ன வார்த்தை சொன்ன?"

சொன்னாள். பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்து சாந்துவுடையவும் நாமத்தினாலே. பாஷை கொஞ்சம் வேறு. மூவரும் அதே மூவர்தான். குறித்துக்கொண்டேன்.

"பேரு சொல்லித்தானே குடுக்கணும்? என்ன பேரு சொன்ன?"

கதவுக்குப் பின்னால் இன்னும் ஒதுங்கினாள். மறுபடி கேட்டேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அருளப்பன் சிரித்தான்.

"அத இனி அவ சொல்ல மாட்டா. புருசனுக்கு மூத்தவர் பேர எந்தப் பொம்பள வாயால சொல்லுவா? அன்னைக்குப் பிள்ள போயிருமோன்னு பதறி ஒரு தடவ சொல்லிட்டா. உம்ம பேருதான் அண்ணாச்சி வச்சிருக்கா."

நான் அங்கேயே கயிற்றுக் குவியலின்மேல் உட்கார்ந்து அழுதேன். வெட்கப்படாமல் எழுதுகிறேன். பிறகு அவள் கஞ்சி கொண்டுவந்தாள். கண்ணைத் திறந்துகொண்டே குடித்தேன்.

போதகருக்கு எழுதிய சாட்சி இதனுடன் இருக்கிறது. யார் கொடுத்தது என்ற இடத்தில், என் தம்பி அருளப்பன் மனைவி பிலோமினா என்று தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மருமகன் நினைத்த ஞானசிகாமணியைப் பின்னால் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈஸ்டருக்கு நாங்கள் மூன்று பேரும் வருகிறோம். கோவிலுக்குள் அவர்கள் வர மாட்டார்கள், வாசலில் நிற்பார்களாம். நானும் வாசலுக்குப் பக்கத்தில்தான் உட்காருவேன்.

தம்பியும் பிலோமினாவும் உங்களை விசாரித்தார்கள். சின்ன நேசையாவுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு
பெரிய நேசையா